நாற்பது பவுண்டு கடனும் ஒரு திருத்தப் பதிவும்



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தேன். ஆங்கிலப் பாடத்தில் ஸ்க்ரூஜ் என்ற கஞ்சக் கிழவரின் கதை. கணக்குப் புத்தகத்தை மூட மனமில்லாத முதலாளி, பக்கத்து அறையில் கரி அடுப்பில் ஒரு துண்டுக் கரிக்கு மேல் போடப் பயந்து குளிரில் நடுங்கும் குமாஸ்தா என்று நான் விவரித்துக்கொண்டே போனேன். பேரன் நிமிர்ந்து பார்த்து, ஸ்க்ரூஜும் தாத்தா மாதிரி பேங்க்கில் இருந்தவரா என்று கேட்டான். சமையலறையில் இருந்து அவன் பாட்டி சிரிப்பது கேட்டது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். சென்ற தீபாவளிக்கு முன்பு நடந்த பொதுக்குழுக் கூட்டத்தில், ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கும் செக்யூரிட்டிகளுக்கும் சங்கத்தின் சார்பில் ஏதாவது போனஸ் கொடுக்கலாமே என்று ஒரு பேச்சு வந்தது. வீட்டுக்கு 200 ரூபாய்க்குள் முடிகிற விஷயம். நான்தான் எழுந்து, அவர்கள் கான்ட்ராக்டரின் ஆட்கள், கான்ட்ராக்டருக்கு நாம் மாதாமாதம் பணம் கட்டிவிடுகிறோம், போனஸ் அவர் பொறுப்பு, இதற்கு பட்ஜெட்டில் தலைப்பே இல்லை என்று பேசினேன். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

அன்று இரவு அந்தக் கதையை எழுதியவரின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். நான் பி.காம். இலக்கியம் எனக்குத் தூரம். பள்ளியில் நான்-டீடெயில் பாடமாகப் படித்த 'ஆலிவர் ட்விஸ்ட்' சுருக்கம்தான் எனக்குத் தெரிந்த டிக்கன்ஸ். ஆனால் படிக்கப் படிக்க, இது பெரும்பாலும் ஒரு கணக்கு விவகாரம் என்று தோன்றியது. அதனால் ஒரு பழைய குமாஸ்தாவாக இதை உங்களுக்குச் சொல்லலாம் என்று துணிந்தேன்.

ரொட்டிக் கடைக்காரருக்குக் கடன்

சார்லஸ் டிக்கன்ஸ் 1812-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி இங்கிலாந்தின் துறைமுக நகரமான போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் இரண்டாமவர். அப்பா ஜான் டிக்கன்ஸ் கடற்படையின் சம்பளப் பட்டுவாடா அலுவலகத்தில் குமாஸ்தா. அதாவது, நம்ம ஆள். அரசாங்க வேலை, நிலையான சம்பளம். அவர் குடிகாரரோ சூதாடியோ இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கை தாராளம், பேச்சு அதைவிடத் தாராளம். செலவு மட்டும் எப்போதும் வரவை ஒரு படி முந்திக்கொண்டே ஓடியது.

குடும்பம் லண்டனுக்கு வந்த பிறகு கடன் கழுத்தை நெரித்தது. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. எடுத்துக்கொண்டு போனவன் சின்னப் பையன் சார்லஸ். அவன் உயிராக நினைத்த கதைப் புத்தகங்களையும் அவனே சுமந்துபோய் விற்றான்.

1824 பிப்ரவரியில், பன்னிரண்டு வயது முடிந்த இரண்டாவது நாள், அவனை வேலைக்கு அனுப்பினார்கள். தேம்ஸ் நதிக்கரையில், எலிகள் ஓடும் ஒரு பழைய கட்டடம். ஷூவுக்குப் போடும் கறுப்பு பாலிஷ் தயாரிக்கும் வாரன் என்ற கம்பெனி. பாலிஷ் ஜாடியின் வாயைக் காகிதத்தால் மூடி, நூல் கட்டி, லேபிள் ஒட்ட வேண்டும். நாளுக்குப் பத்து மணி நேரம். கூலி வாரத்துக்கு 6 ஷில்லிங்.

அதே மாதம் 20-ஆம் தேதி அப்பாவைக் கைது செய்தார்கள். ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கி 40 பவுண்டு 10 ஷில்லிங். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டால், வாங்கியவரைச் சிறையில் வைக்கலாம். பணம் கட்டினால் வெளியே வரலாம். உள்ளே இருப்பவர் சம்பாதிக்க முடியாது, சம்பாதிக்காமல் கட்ட முடியாது. வாராக் கடனை வசூலிக்க இதைவிட மோசமான வழி ஒன்றை எந்த வங்கியும் யோசித்திருக்காது!

நதிக்குத் தெற்கே இருந்த மார்ஷல்சீ என்ற சிறை அது. அம்மாவும் சிறிய பிள்ளைகளும் போக்கிடம் இல்லாமல் அங்கேயே போய் அப்பாவுடன் தங்கினார்கள். சார்லஸ் மட்டும் வெளியே, தனியாக. முதலில் தெரிந்த ஒரு பெண்மணியின் வீட்டில், பிறகு சிறைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில். கூலிப் பணத்தை வார நாட்களுக்குப் பிரித்துப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டு சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். 40 பவுண்டு 10 ஷில்லிங் என்றால் 810 ஷில்லிங். வாரம் 6 ஷில்லிங் கூலியில் ஒரு பைசா சாப்பிடாமல் சேர்த்தால் 135 வாரங்கள். இரண்டரை வருடத்துக்கும் மேல். அப்பாவை மீட்க அந்தப் பையனுக்கு அவ்வளவு நாள் ஆகும்.

வெந்நீர் பாட்டில்

அந்த பாலிஷ் கம்பெனியில் பாப் ஃபேகின் என்று ஒரு பையன் இருந்தான். சார்லஸைவிடப் பெரியவன், அப்பா அம்மா இல்லாதவன். நூல் கட்டவும் முடிச்சுப் போடவும் அவன்தான் கற்றுக் கொடுத்தான். ஒரு நாள் சார்லஸுக்கு இடுப்பில் தாங்க முடியாத வலி. பாப் வைக்கோலைப் பரப்பிப் படுக்க வைத்து, காலி பாலிஷ் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, மாற்றி மாற்றி அரை நாள் ஒத்தடம் கொடுத்தான்.

சாயங்காலம் அவனைத் தனியாக அனுப்ப பாப்புக்கு மனம் வரவில்லை. வீடு வரை வருகிறேன் என்று கூடவே நடந்தான். சார்லஸுக்கோ வீடே இல்லை. சிறை என்று சொல்ல வெட்கம். எத்தனை முறை விடைகொடுத்துப் பார்த்தும் பாப் விடவில்லை. கடைசியில் பாலத்துக்கு அருகே யாருடையதோ ஒரு வீட்டு வாசலில் நின்று, இதுதான் என் வீடு என்று சொல்லிக் கை குலுக்கிவிட்டான். பாப் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது என்று கதவையும் தட்டினான். கதவைத் திறந்த பெண்மணியிடம், பாப் ஃபேகின் வீடு இதுதானா என்று கேட்டுச் சமாளித்தான்.

இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

ஏறத்தாழ மூன்று மாதத்தில் அப்பா திவால் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து விடுதலையானார். பையனின் வேலை மட்டும் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. கடைசியில் அப்பாவுக்கும் கம்பெனியை நடத்திய உறவினருக்கும் சண்டை வந்து, பையன் வேலையை விட்டு நின்றான். அம்மா சமாதானம் பேசி அவனை மறுபடி அங்கேயே அனுப்பப் பார்த்தார். அப்பா மறுத்து, பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அம்மா அப்படி நினைத்ததைக் கடைசிவரை மறக்க முடியவில்லை என்று டிக்கன்ஸ் பிற்காலத்தில் எழுதிவைத்தார். அப்போது அந்தத் தாய்க்கு வாரம் 6 ஷில்லிங் என்ன பெறும் என்பதை அவர் நினைத்துப் பார்த்தாரா தெரியவில்லை.

சுருக்கெழுத்திலிருந்து நாவலுக்கு

பதினைந்து வயதில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கேயே தேங்கிவிடாமல் சுருக்கெழுத்து கற்றுக்கொண்டார். நீதிமன்றத்திலும் பிறகு நாடாளுமன்றத்திலும் நிருபராக வேலை பார்த்தார். 1834-இல் நாடாளுமன்றம் ஏழைகளுக்கான சட்டத்தைத் திருத்தியது. உதவி வேண்டும் என்று கேட்கும் ஏழை இனி விடுதிக்குள் வந்தாக வேண்டும். அங்கே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். வெளியில் கிடைக்கும் மிக மோசமான வேலையைவிடவும் விடுதி வாழ்க்கை மோசமாக இருக்க வேண்டும், அப்போதுதான் சும்மா யாரும் வரமாட்டார்கள் என்பது சட்டத்தின் நோக்கம். செலவு குறைந்தது. கணக்குப்படி அது வெற்றி.

1836-இல் 'பிக்விக் பேப்பர்ஸ்' மாத இதழாக ஒரு ஷில்லிங் விலையில் வரத் தொடங்கியது. ஆயிரத்தைத் தொடாத விற்பனை, முடியும்போது மாதம் 40,000. இருபத்தைந்து வயதுக்குள் அவர் நாடறிந்த எழுத்தாளர். அதே வருடம் கேத்தரினைத் திருமணம் செய்துகொண்டார்.

அடுத்து எழுதியது 'ஆலிவர் ட்விஸ்ட்'. அந்த ஏழை விடுதியில் பிறந்த அநாதைப் பையன், இன்னும் கொஞ்சம் கஞ்சி வேண்டும் என்று கேட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும். சட்டத்தை எதிர்த்து எழுதப்பட்ட எத்தனையோ கட்டுரைகள் செய்யாததை அந்த ஒரு கிண்ணம் செய்தது.

அந்த நாவலில் தெருப் பிள்ளைகளைத் திருடப் பழக்கும் கிழவன் ஒருவன் வருகிறான். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, அவர்களைத் தூக்குமேடை வரை அனுப்பித் தான் சொத்துச் சேர்ப்பவன். டிக்கன்ஸ் அவனை யூதன் என்று எழுதினார். பக்கத்துக்குப் பக்கம் அவன் பெயருக்குப் பதிலாக அந்த இனத்தின் பெயரையே எழுதினார். அவனுக்கு அவர் வைத்த பெயர் ஃபேகின்.

ஆம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்த பையனின் பெயர். ஏன் அப்படிச் செய்தார் என்று பல அறிஞர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், வரவு வைக்க வேண்டிய தொகையைத் தவறுதலாகப் பற்று எழுதிவிட்டார்.

15 ஷில்லிங் குமாஸ்தா

1843-க்கு வருவோம். அந்த ஆண்டு பட்டறைகளில் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றி அரசாங்க விசாரணைக் குழுவின் அறிக்கை ஒன்று வெளிவந்தது. டிக்கன்ஸ் அதைப் படித்து, ஒரு துண்டுப் பிரசுரம் எழுத நினைத்தார். லண்டனில் கந்தல் துணிப் பிள்ளைகளுக்காக நடந்த ஓர் இலவசப் பள்ளிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிரசுரத்தைவிடக் கதை பலமாக அடிக்கும் என்று முடிவு செய்து, ஆறே வாரத்தில் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' எழுதினார். இரவில் ஊர் உறங்கிய பிறகு லண்டன் தெருக்களில் மைல் கணக்கில் நடந்தபடியே கதையை யோசித்தாராம்.

என் பேரனின் பாடம் இதுதான். ஸ்க்ரூஜ் சட்டத்தை மீறுகிறவர் இல்லை, கவனித்தீர்களா? அவர் கணக்கில் ஒரு பைசா பிசகு கிடையாது. ஏழைகளுக்கு நன்கொடை கேட்டு வருபவர்களிடம் அவர் சொல்வது என்ன? சிறைகளும் விடுதிகளும் இருக்கின்றன, அவற்றுக்கு நான் வரி கட்டுகிறேன், அதோடு என் பொறுப்பு முடிந்தது என்கிறார். இந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். கான்ட்ராக்டருக்குக் கட்டிவிட்டோமே என்ற என் பேச்சு காதில் விழுந்தது.

அவருடைய குமாஸ்தா பாப் க்ராட்சிட்டுக்குச் சம்பளம் வாரம் 15 ஷில்லிங். வருடத்துக்கு 52 வாரம் என்றால் 780 ஷில்லிங், அதாவது 39 பவுண்டு. ஜான் டிக்கன்ஸைச் சிறைக்கு அனுப்பிய கடன் 40 பவுண்டு 10 ஷில்லிங். ஒரு நோயாளிக் குழந்தையோடு ஆறு பிள்ளைகளை வளர்க்கும் மனிதனின் வருட வருமானம், அந்தக் கடனுக்கு ஒன்றரை பவுண்டு குறைவு. டிக்கன்ஸ் இதைத் திட்டமிட்டு எழுதினாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஏழைக்கும் ஏழையல்லாதவருக்கும் நடுவே உள்ள சுவர் எவ்வளவு மெல்லியது என்று அந்த இரண்டு எண்களும் சொல்கின்றன.

அதே புத்தகத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். டிக்கன்ஸுக்கு அப்போது பண நெருக்கடி. எழுதிக்கொண்டிருந்த நாவல் சரியாகப் போகவில்லை, பதிப்பாளர்கள் மாதம் 50 பவுண்டு பிடிக்கப்போவதாகப் பேசினார்கள், வீட்டில் ஐந்தாவது குழந்தை வரப்போகிறது. வண்ணப் படங்கள், தங்க எழுத்து என்று ஆடம்பரமாக அச்சிட்டு, எல்லோரும் வாங்க வேண்டும் என்று விலையை 5 ஷில்லிங்கில் நிறுத்தினார். டிசம்பர் 19-இல் வெளிவந்து கிறிஸ்துமஸுக்குள் 6,000 பிரதிகள் தீர்ந்தன. ஆயிரம் பவுண்டு எதிர்பார்த்தார், கைக்கு வந்தது 230. திருட்டுப் பதிப்புப் போட்டவர்கள் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். அவர்கள் திவால் மனு கொடுத்துவிட, வழக்குச் செலவு 700 பவுண்டு இவர் தலையில் விழுந்தது. பேராசைக்கு எதிராக எழுதிய புத்தகம் நஷ்டத்தில் முடிந்தது. போதாததற்கு, 5 ஷில்லிங் என்பது க்ராட்சிட்டின் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. தன்னைப் பற்றிய கதையை அந்தக் குமாஸ்தாவால் வாங்கியிருக்க முடியாது.

யூனியன் கூட்டங்களுக்குப் போய் வந்தவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. ஸ்க்ரூஜ் மனம் மாறி ஒரு குமாஸ்தாவுக்குச் சம்பளம் கூட்டினார், நல்லது. முதலாளிக்குக் கனவு வராத மற்ற குமாஸ்தாக்கள் என்ன செய்வார்கள்? தொழிற்சங்கத்தை டிக்கன்ஸ் அவ்வளவாக நம்பவில்லை. முதலாளியின் மனசாட்சியை அதிகமாக நம்பினார். நம் சம்பள உயர்வெல்லாம் ஒப்பந்தத்தில் வந்தது, யாருடைய கனவிலும் வரவில்லை. ஆனாலும், எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாத ஒன்று இருக்கிறது. எதிரில் நிற்கும் ஆளை நிமிர்ந்து பார்ப்பது. டிக்கன்ஸ் கேட்டது அதைத்தான்.

வங்கி வாரிசும் ஒரு வீடும்

அவர் எழுதியதோடு நிற்கவில்லை. கூட்ஸ் வங்கிக் குடும்பத்தின் பெரும் சொத்துக்கு வாரிசான ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸ் என்ற பெண்மணி அவருடைய நண்பர். அவர் பணம் தர, டிக்கன்ஸ் உழைக்க, 1847-இல் லண்டனின் ஓரத்தில் யுரேனியா காட்டேஜ் என்ற வீடு திறக்கப்பட்டது. சிறையில் இருந்து வந்த பெண்கள், தெருவில் நின்ற பெண்கள் தங்கிப் படித்து, வேலை கற்று, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்குப் போய்ப் புது வாழ்க்கை தொடங்க ஓர் ஏற்பாடு.

ஏறத்தாழ பத்து வருடம் அந்த வீட்டை அவர் கிட்ட இருந்து கவனித்தார். வந்தவர்களைத் தானே சந்தித்துப் பேசி, கதையைக் கேட்டு, ஒரு பேரேட்டில் எழுதிவைத்தார். பழைய வாழ்க்கையை யாரும் குத்திக்காட்டக் கூடாது என்று விதி வைத்தார். அநாதை விடுதிச் சீருடை போல மங்கிய துணி வேண்டாம், பளிச்சென்ற நிறத்தில் வாங்குங்கள் என்று சண்டை போட்டார். ஓடிப்போனவர்களும் உண்டு, திருடியவர்களும் உண்டு. அதற்காக வீட்டை மூடவில்லை.

1858-இல் லண்டன் குழந்தைகள் மருத்துவமனை பணமில்லாமல் தவித்தபோது, ஒரு விருந்தில் அவர் பேசிய பேச்சால் ஒரே இரவில் 3,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

பேராசையைப் பற்றியும் அவருடைய பார்வை கூர்மையானது. 'லிட்டில் டோரிட்' நாவலில் மெர்டில் என்று ஒரு நிதி அதிபர் வருவார். என்ன தொழில் செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பிஷப்பும் நீதிபதியும் அவர் வீட்டு விருந்தில். அவர்கள் போட்டதைப் பார்த்து ஏழைகளும் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். கடைசியில் எல்லாம் மோசடி, மெர்டில் தற்கொலை. 1856-இல் உண்மையிலேயே வங்கி மோசடி செய்து தற்கொலை செய்துகொண்ட ஜான் சாட்லியர் என்ற எம்.பி.யை மனதில் வைத்து எழுதியது அது. பெரிய வட்டி ஆசையில் பணம் போட்டு ஏமாந்தவர்களை என் கவுண்டரில் நானும் பார்த்திருக்கிறேன். மெர்டிலின் பேராசை பெரியது, நம்முடையது சிறியது. இரண்டும் சேராமல் எந்த மோசடியும் நடக்காது என்கிறார் டிக்கன்ஸ்.

அவர் பேரேட்டில் விடுபட்டவர்கள்

இவ்வளவு சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் அது நல்ல தணிக்கை ஆகாது.

1858-இல், 22 வருட வாழ்க்கைக்கும் பத்துப் பிள்ளைகளுக்கும் பிறகு, மனைவி கேத்தரினை விலக்கி வைத்தார். எல்லன் டெர்னன் என்ற இளம் நடிகையின் மேல் அவருக்கு ஈடுபாடு. கேத்தரினுக்கு வருடம் 600 பவுண்டும் ஒரு வீடும் கொடுத்தார். பணத்தில் குறை வைக்கவில்லை. ஆனால் தன் பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே குடும்ப விவகாரத்தை அறிக்கையாகப் போட்டு அந்தப் பெண்ணை ஊர் வாயில் தள்ளினார். தெருவில் நின்ற பெண்களின் பழைய கதையை யாரும் பேசக் கூடாது என்று விதி வைத்தவர்தான்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பக்கம் உண்டு. 1857-இல் சிப்பாய்க் கலகச் செய்தி போனபோது, தான் இந்தியாவில் தளபதியாக இருந்தால் இந்த இனத்தையே பூமியில் இருந்து துடைத்துவிடுவேன் என்ற பொருளில், அதே ஏஞ்சலா அம்மையாருக்கு ஒரு கடிதம் எழுதினார். லண்டன் ஏழைக்காக அழுத பேனா எழுதியது இது. படித்தபோது நெஞ்சில் முள் தைத்தது. இரக்கத்துக்கும் எல்லைக்கோடு உண்டு போலும். கண்ணால் பார்த்த ஏழை கோட்டுக்கு உள்ளே, கடல் தாண்டி இருப்பவன் கோட்டுக்கு வெளியே.

அதே வருடம் பதினாறு வயது மகன் வால்டரை ராணுவ வேலைக்கு இந்தியாவுக்கு அனுப்பியிருந்தார். வால்டருக்கும் தாத்தாவைப் போலவே கடன் வாங்கும் பழக்கம். 1863 டிசம்பர் 31-இல் கல்கத்தாவில் 22 வயதில் இறந்துபோனார். சேதி அப்பாவுக்குக் கிடைத்தது அவருடைய பிறந்த நாளான பிப்ரவரி 7 அன்று. பின்னாலேயே கடன் பில்களும் வந்து சேர்ந்தன. மார்ஷல்சீ சிறைக் கதவு அந்தக் குடும்பத்துக்கு முழுதாக மூடவே இல்லை.

திருத்தப் பதிவு

இப்போது ஃபேகினுக்குத் திரும்புவோம்.

1860-இல் டிக்கன்ஸ் தன் லண்டன் வீட்டை ஒரு யூதக் குடும்பத்துக்கு விற்றார். அந்த வீட்டு அம்மாள் எலைசா டேவிஸ், 1863-இல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏழைகளுக்காக இவ்வளவு எழுதும் நீங்கள், ஏற்கெனவே வெறுக்கப்படும் எங்கள் மக்களுக்கு ஃபேகின் மூலம் பெரும் அநீதி செய்துவிட்டீர்கள் என்பது அதன் சாரம். டிக்கன்ஸ் முதலில் தன் பக்க நியாயத்தைத்தான் எழுதினார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட திருட்டுக் கும்பல்காரர்கள் பெரும்பாலும் யூதர்கள், நான் உள்ளதைத்தான் எழுதினேன் என்றார். என்னைப் போலவே, சரியான பதில்!

ஆனால் கடிதம் உள்ளே வேலை செய்திருக்கிறது. அடுத்த நாவலான 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்'-இல் ரையா என்ற யூதப் பெரியவரைப் படைத்தார். வட்டிக் கடையில் கணக்குப் பார்ப்பவர், சாது, ஏழைகளுக்கு ஆறுதலாக இருப்பவர். கடையின் உண்மையான முதலாளி ஃப்ளெட்ஜ்பி என்ற கிறிஸ்தவ இளைஞன். கடன்காரர்களை நசுக்கச் சொல்வது அவன். எங்கள் கையில் ஒன்றுமில்லை, எல்லாம் இந்தக் கிழவர்தான் என்று அவரைக் காட்டிவிட்டு அவன் பின்னால் ஒளிந்துகொள்வான். ஏச்சும் சாபமும் ரையாவுக்கு, வட்டி இவனுக்கு. கவுண்டரில் உட்கார்ந்து மேலிடத்து உத்தரவுக்காகத் திட்டு வாங்கியவர்களுக்கு ரையாவைப் புரியும்.

அதோடு விடவில்லை. 1867-இல் 'ஆலிவர் ட்விஸ்ட்' புதுப் பதிப்பு வந்தபோது, பின்பகுதி அத்தியாயங்களில் இனப் பெயர் வந்த பல இடங்களை நீக்கி ஃபேகின் என்றோ, அவன் என்றோ மாற்றினார். முப்பது வருடம் கழித்து, உலகப் புகழோடு இருந்த மனிதர், ஒரு வாசகியின் கடிதத்துக்காகத் தன் எழுத்தைத் திருத்தினார்.

வங்கியில் எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம்: லெட்ஜரில் தப்பாக எழுதினால் சுரண்டக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. தப்பு தெரிகிற மாதிரியே கோடு போட்டு, சரியானதை எழுதி, பக்கத்தில் இனிஷியல் போட வேண்டும். டிக்கன்ஸ் செய்தது அதுதான். ஃபேகின் இன்றைக்கும் அந்த நாவலில் இருக்கிறான். ரையாவும் பக்கத்தில் இருக்கிறார். எல்லாத் தப்புக்கும் அவர் திருத்தப் பதிவு போடவில்லை. கேத்தரினுக்குப் போட்டதாகத் தெரியவில்லை. நமக்கும் போடவில்லை.

கடைசி இருப்பு

கடைசி ஆண்டுகளில் மேடையில் தன் கதைகளைத் தானே நடித்துப் படித்துக் காட்டிப் பெரும் பணம் சேர்த்தார். 1867-68 அமெரிக்கப் பயணத்தில் 76 நிகழ்ச்சிகள், ஏறத்தாழ 19,000 பவுண்டு லாபம். உடம்பு கெட்டது, டாக்டர்கள் தடுத்தார்கள், நிறுத்த மனம் வரவில்லை. பேராசை என்று சிலர் சொல்வார்கள். அடகுக் கடைக்குப் புத்தகம் சுமந்த பையனுக்கு எத்தனை பவுண்டு இருந்தால் போதும் என்று தோன்றும்?

சிறுவயதில் அப்பாவோடு நடக்கும்போது பார்த்து ஆசைப்பட்ட காட்ஸ் ஹில் என்ற வீட்டை 1856-இல் 1,790 பவுண்டுக்கு வாங்கியிருந்தார். 1870 ஜூன் 9-இல், 58 வயதில், அங்கேயே இறந்தார். விட்டுச்சென்ற சொத்து ஏறத்தாழ 93,000 பவுண்டு. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் நடந்தது. கூட்டமில்லாமல் எளிமையாக நடக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்ததால் காலையில் சிலர் மட்டும் இருந்தார்கள். பிறகு நாட்கணக்கில் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

பாலிஷ் கம்பெனி விஷயத்தை உயிரோடு இருந்தவரை அவர் வாசகர்களுக்குச் சொல்லவே இல்லை. நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் மறைந்த பிறகு ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் அது வெளிவந்தது. பாப் ஃபேகின் என்ற பையன் கொடுத்த வெந்நீர் ஒத்தடமும் அதில்தான் முதல்முறையாக வரவு வைக்கப்பட்டது.

நண்பர்களே, அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் தள்ளிவைத்த அந்த விஷயம் மறுபடி வரும். இந்த முறை தீர்மானத்தை நானே முன்மொழிவதாகச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பட்ஜெட்டில் தலைப்பு இல்லை என்றேன் அல்லவா, தலைப்பின் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சென்ற கூட்டத்தின் மினிட்ஸில் நான் பேசியது அப்படியே இருக்கட்டும், அதைத் திருத்த வேண்டாம். கீழே இனிஷியல் மட்டும் போட்டுவிடுகிறேன்.

ஒரு சின்ன விஷயம். நம் பிளாக்கின் மாடிப்படியைத் தினமும் துடைக்கும் அம்மாவின் பெயரை நேற்றுத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் இங்கே குடிவந்து ஆறு வருடம் ஆகிறது.